ஐந்நூறு பேர் வாழும் ஸ்தோனுக்கு ஐந்தரைக் கிலோமீட்டர் மதில் எதற்கு?

வரைபடப் பிரியன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குரோவேஷியாவின் தென்கோடியில், துப்ரோவ்னிக் நகருக்கு வடமேற்கே சாலை வழியாகச் சுமார் 55 கி.மீ. தொலைவில் உள்ள ஸ்தோன் என்னும் சிற்றூரைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க விடைகளைவிடக் கேள்விகளே கூடுகின்றன. ஊருக்குள் வாழ்பவர்கள் ஐந்நூறு பேரை ஒட்டியே இருப்பார்கள். சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்த நிர்வாகப் பகுதி முழுவதிலும் இரண்டாயிரத்துச் சில நூறு பேர்தான். ஆயினும் மலைமேல் ஏறி இறங்கும் அதன் மதில் இன்றும் ஐந்தரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு எஞ்சியுள்ளது. முதலில் அது ஏழு கிலோமீட்டர் இருந்ததாகச் சொல்கிறார்கள். இவ்வளவு சிறிய ஊருக்கு இவ்வளவு பெரிய காவல் ஏன் தேவைப்பட்டது? துருக்கியரைத் தடுப்பதற்காகக் கட்டப்பட்டது என்று ஓரிடத்தில் படித்தேன். அது சரிதானா?

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. மலையின் மறுபக்கத்தில், கூப்பிடு தூரத்தில் என்றே சொல்லலாம், மாலி ஸ்தோன் என்ற இன்னொரு மதில் சூழ்ந்த ஊர் உள்ளது. ஒரே ஆட்சி ஒரே காலத்தில் இவ்வளவு அருகருகே இரண்டு ஊர்களை ஏன் அமைக்க வேண்டும்? அடுத்து, ஸ்தோனுக்குச் சற்று வடக்கே குரோவேஷியக் கடற்கரை அறுபட்டு, பொஸ்னியா ஹெர்ஸெகோவினா நாட்டுக்குச் சுமார் இருபது கிலோமீட்டர் கடற்கரை கிடைத்திருக்கிறது. அந்த விசித்திரமான எல்லைக்கும் இவ்வூரின் வரலாற்றுக்கும் தொடர்பு உண்டா? அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மணிமொழி எழுதியது:

மதிலைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே வரலாற்றை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு நிலவமைப்பை மட்டும் எழுதுகிறேன்.

அந்தக் கடற்கரையின் மலைத்தொடர்கள் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. பனியூழிக் காலம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது, தொடர்களுக்கு இடையிலிருந்த பள்ளத்தாக்குகள் நீரில் மூழ்கிக் கால்வாய்களாயின. முகடுகள் தீவுகளாகவும் தீபகற்பங்களாகவும் மேலே நின்றன. புவியியலாளர்கள் இத்தகைய கரைக்கு டால்மேஷிய வகைக் கடற்கரை என்று பெயரிட்டிருப்பதே இப்பகுதியை முன்மாதிரியாகக் கொண்டுதான். அப்படி நீண்டு நிற்கும் முகடுகளில் ஒன்றுதான் பெல்யெஷாட்ஸ் தீபகற்பம். அது சுமார் 65 கி.மீ. நீளமுடையது, இஸ்த்ரியாவுக்கு அடுத்து குரோவேஷியாவின் இரண்டாவது பெரிய தீபகற்பம், மேற்குப் பகுதியில் ஓரேபிச் ஊருக்கு மேலே உள்ள அதன் உச்சி 961 மீட்டர் உயரமுடையது.

இத்தனை நீளமான நிலம் பெருநிலத்தோடு இணைந்திருப்பது ஏறத்தாழ ஒன்றேகால் கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு குறுகிய கழுத்தினால்தான். அந்தக் கழுத்தின் தென்புறக் கரையில் ஸ்தோன், வடபுறக் கரையில் மாலி ஸ்தோன், இரண்டுக்கும் நடுவே ஒரு குன்று. இந்த இடத்தைப் பிடித்துவைத்திருப்பவர் முழுத் தீபகற்பத்துக்குமான தரைவழி வாசலைப் பிடித்தவர் ஆகிறார். வேறு எங்கும் பத்துக் கோட்டைகள் கட்டிச் செய்ய வேண்டிய காவலை இங்கே ஒரே மதில் செய்துவிடும். ஆகவே மதிலின் நீளத்தை ஊரின் மக்கள்தொகையோடு ஒப்பிடாமல், அதற்குப் பின்னால் பாதுகாக்கப்பட்ட நிலத்தின் பரப்போடு ஒப்பிட்டால் அது மிகச் சிக்கனமான கட்டுமானம் என்பது விளங்கும்.

இனி, என்னை மிகவும் கவர்ந்த செய்திக்கு வருகிறேன். கழுத்தின் இருபுறமும் இருப்பது ஒரே கடல்தான்; ஆனால் அதன் தன்மை ஒன்றல்ல. தெற்கே ஸ்தோன் கால்வாய் உள்நோக்கி நீண்டு, ஆழம் குறைந்த சமதளச் சேற்றுநிலத்தில் வந்து முடிகிறது. கோடையில் அங்கே மழை அரிது. வெயிலும் காற்றும் தாராளம். வடக்கே மாலி ஸ்தோன் விரிகுடாவுக்கோ நெரெத்வா ஆற்றின் நன்னீர் வந்து சேர்கிறது. அதோடு, சுண்ணாம்புப் பாறை மலைகளில் பெய்யும் மழைநீர் மேற்பரப்பில் ஆறாக ஓடாமல் பாறை இடுக்குகள் வழியே கீழிறங்கி, கடலடி ஊற்றுகளாக விரிகுடாவுக்குள் பொங்குகிறது. அந்நீர் கொண்டுவரும் சத்துகளால் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன; அவற்றை உண்டு சிப்பிகள் கொழுக்கின்றன. அதனால்தான் ஒரு பக்கத்தில் உப்பும் மறுபக்கத்தில் சிப்பியும் விளைகின்றன. ஒரு மணி நேரத்தில் நடந்து கடக்கக்கூடிய நிலத்துண்டின் இரு கரைகளில் இப்படி இரு வேறு விளைச்சல் அமைவது அரிது.


அறவாழி எழுதியது:

மணிமொழி அவர்கள் தளத்தை நன்றாக அமைத்துக் கொடுத்துவிட்டார். அதன்மேல் வரலாற்றைச் சொல்வது எளிது.

முதலில் துருக்கியர் பற்றிய கேள்வி. ஸ்தோனைத் தன் வசமாக்கிய துப்ரோவ்னிக் நகர அரசு மதில் வேலையைத் தொடங்கியது 1333ஆம் ஆண்டை ஒட்டி. அப்போது உதுமானியர்கள் ஆசியா மைனரின் வடமேற்கு மூலையில் ஒரு சிற்றரசாக இருந்தார்கள். ஐரோப்பிய மண்ணில் அவர்களுக்கு ஒரு கோட்டைகூடக் கிடையாது. பொஸ்னியா அவர்கள் கையில் விழுந்தது 1463இல்; ஹெர்ஸெகோவினா முழுவதும் விழுந்தது 1482இல். ஆகவே மதில் துருக்கியரைத் தடுக்கக் கட்டப்பட்டது என்பது பொருந்தாது. பிற்காலத்தில் அவர்களை நினைத்து அது வலுப்படுத்தப்பட்டது என்று வேண்டுமானால் சொல்லலாம். அவர்களைக்கூட துப்ரோவ்னிக் மதிலைக் கொண்டு சமாளிக்கவில்லை, ஆண்டுதோறும் கட்டிய திறைப் பணத்தைக் கொண்டே சமாளித்தது.

பின்னர் யாருக்கு எதிராக? ஸ்தோன் அன்று ஹூம் என்ற பகுதியின் ஓர் அங்கம். அதைக் கைக்குள் வைத்திருந்த பிரானிவோயெவிச் குடும்பத்தார் வணிகர்களுக்குப் பெருந்தொல்லை கொடுத்துவந்தார்கள். அன்று ராகுசா என்ற பெயரால் அறியப்பட்ட துப்ரோவ்னிக், பொஸ்னிய ஆட்சியாளர் இரண்டாம் ஸ்த்யெபான் கொத்ரோமானிச்சோடு சேர்ந்து 1326இல் அவர்களை ஒடுக்கியது. அதன்பின் ஹூம் பகுதியின் பெரும்பங்கு பொஸ்னியாவின் வசமானது. ஆனால் சட்டப்படியான உரிமையைச் செர்பிய அரசரான ஸ்தெஃபான் துஷான் விட்டுக்கொடுக்கவில்லை. துஷானின் கண் அப்போது தெற்கே பைசாந்திய நிலங்களின் மேல் இருந்தது. அவருக்குத் தேவைப்பட்டது பணம். துப்ரோவ்னிக் வணிகர்கள் இந்த நிலையை மிகச் சரியாக எடைபோட்டார்கள். உரிமை யாருடையது என்ற வழக்கில் தலையிடாமல், இருவரிடமிருந்தும் தனித்தனியே விலைக்கு வாங்கிவிட்டார்கள். 1333இல் துஷானுக்கு 8,000 பெர்பெர் நாணயம் ஒரே தொகையாகவும், அதன்பின் ஆண்டுக்கு 500 பெர்பெரும் தருவதாக ஒப்பந்தமானது. பொஸ்னிய ஆட்சியாளருக்கும் தனியாக ஆண்டுக்கு 500 பெர்பெர். ஸ்தோன் வருவாய் என்று பெயர் பெற்ற செர்பியப் பங்கை துஷான் பின்னாளில் ஜெருசலேமிலிருந்த ஒரு செர்பிய மடத்துக்கு எழுதிவைத்தார். அம்மடம் நலிந்தபோது அது ஆத்தோஸ் மலை மடங்களுக்குச் சென்றது. வாங்கியவர்கள் அப்பணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவந்தார்கள் என்பதே அந்நிலம் அவர்களுக்கு எவ்வளவு பெறுமதியானது என்பதைக் காட்டுகிறது.

அந்நாளில் துப்ரோவ்னிக்கே முழுச் சுதந்திரம் பெற்றிருக்கவில்லை. 1205 முதல் 1358 வரை அது வெனிஸின் மேலாண்மையின் கீழ் இருந்தது. வெனிஸின் நிழலில் நின்றுகொண்டே தன் பெயரில் ஒரு தீபகற்பத்தை வாங்கி, அதன் வாசலில் மதில் எழுப்பியது துணிச்சலான அரசியல் என்றே நான் கருதுகிறேன். கரையில் இருந்த சிற்றரசர்கள், பிரபுக்கள், அவர்களுடைய படைகள், கொள்ளையர்கள் ஆகியோரே மதில் கட்டியவர்களின் மனத்தில் இருந்த பகைவர்கள். வெனிஸையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். 1358இல் மேலாண்மை ஹங்கேரி அரசருக்கு மாறியபின் அந்த அச்சம் கூடியதே தவிரக் குறையவில்லை.

வாங்கிய நிலத்தை என்ன செய்தார்கள் என்பதுதான் இன்னும் சுவையானது. பெல்யெஷாட்ஸ் முழுவதையும் அளந்து பங்கிட்டு, துப்ரோவ்னிக்கின் பிரபுக்களுக்கும் குடிகளுக்கும் அளித்தார்கள். அங்கே வேரூன்றியிருந்த பொஸ்னியத் திருச்சபை, கீழைத் திருச்சபை ஆகியவற்றின் குருமார்களை அகற்றி, பிரான்சிஸ்கன் துறவிகளைக் கொண்டுவந்து மக்களைக் கத்தோலிக்கத்துக்கு மாற்றினார்கள். கழுத்தின் இரு முனைகளிலும் இரண்டு புதிய ஊர்களை வரைபடம் போட்டு எழுப்பினார்கள். அங்கு வந்து குடியேறுபவர்களுக்கு மனைகள் ஒதுக்கப்பட்டன. தெருக்கள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும்படி வகுக்கப்பட்டன. பதினான்காம் நூற்றாண்டில் ஓர் ஊர் தானாக வளராமல் இப்படி முன்கூட்டியே திட்டமிடப்பட்டு உருவானது என்பதால்தான் நகரமைப்பு வரலாற்றாளர்கள் இன்றும் ஸ்தோனைத் தேடி வருகிறார்கள். மதிலைவிட இந்தத் தெரு அமைப்பே பெரிய சாதனை என்பது என் எண்ணம். ஆனால் மதில் கண்ணில் படுகிறது, தெருக்கள் அப்படிப் படுவதில்லை.

மதிலைப் பொறுத்தவரை, அது ஒரே சுவர் அன்று. ஸ்தோனைச் சுற்றி ஒன்று, மாலி ஸ்தோனைச் சுற்றி ஒன்று, இரண்டையும் குன்றின்மேல் ஏறி இணைக்கும் பெருமதில் ஒன்று. குன்றின் உச்சியில் போட்ஸ்விஸ்த் கோட்டை; மாலி ஸ்தோன் பக்கத்தில் கொருனா கோட்டை; ஸ்தோனில் உப்பளத்தைப் பார்த்தபடி வெலிகி காஷ்தியோ. ஏறக்குறைய நாற்பது காவற்கோபுரங்கள் இருந்தன. முதற்கட்ட வேலை விரைவாக முடிந்தாலும், பீரங்கிகள் வந்தபின் சுவர்களைத் தடிப்பாக்குவதும் புதிய கோட்டைகளைச் சேர்ப்பதுமாக வேலை பதினாறாம் நூற்றாண்டு வரை நீண்டது. துப்ரோவ்னிக் குடியரசின் அரசுப் பொறியாளராக நெடுங்காலம் பணியாற்றியவரும், அந்நகரில் ஸ்பொன்ஸா மாளிகையை வடிவமைத்தவருமான பாஸ்கோயே மிலிச்செவிச் இங்கும் பணிபுரிந்தார்.


வரைபடப் பிரியன் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கழுத்து என்ற கோணத்தில் பார்த்ததும் மதிலின் நீளம் உடனே விளங்கிவிட்டது. ஒன்று மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. ஏட்ரியாட்டிக் கடற்கரை முழுவதும் உப்புநீரும் வெயிலும் உள்ளனவே. அப்படியிருக்க ஸ்தோன் உப்பு மட்டும் ஏன் ஒரு குடியரசின் கருவூலத்தையே தாங்கும் அளவுக்கு மதிப்புப் பெற்றது? மாலி ஸ்தோன் அமைந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமோ?


கார்த்திகேயன் எழுதியது:

தொடர்பு நிச்சயமாக உண்டு. உப்பின் வழியைப் பின்தொடர்ந்தால் இரண்டு ஊர்கள் ஏன் தேவைப்பட்டன என்பது தெரிந்துவிடும்.

கடற்கரை முழுவதும் உப்புநீர் இருப்பது உண்மை. ஆனால் உப்பளம் அமைக்க ஆழமற்ற சமதளம் வேண்டும், நீர் கசியாத களிமண் வேண்டும், அலையடியிலிருந்து காப்பு வேண்டும். செங்குத்தான சுண்ணாம்புப் பாறையே கடலில் இறங்கும் அந்தக் கரையில் இவை மூன்றும் ஒருங்கே அமைந்த இடங்கள் மிகச் சில. அவற்றில் பாக் தீவு, பிரான் முதலிய வடபகுதி உப்பளங்களை வெனிஸ் தன் கைக்குள் கொண்டுவந்தது. உப்பு வணிகத்தில் போட்டியாளர்களை அது சகித்துக்கொள்ளவே இல்லை. தென்பகுதியில் துப்ரோவ்னிக் தனக்கென்று பெற்ற நல்ல உப்பளம் ஸ்தோன்தான். அதுவரை வெளியூர்களிலிருந்து உப்பை வாங்கி விற்று வந்த நகரம், தன் சொந்த உப்பை விற்கத் தொடங்கியது.

வாங்கியவர்கள் யார் என்று பார்த்தால் மதிப்பு இன்னும் தெளிவாகும். கரைக்கு அப்பால் உள்ள பொஸ்னியாவும் செர்பியாவும் கால்நடை நாடுகள். இறைச்சியையும் பாலாடைக் கட்டியையும் கெடாமல் வைப்பதற்கும், மந்தைகளுக்குக் கொடுப்பதற்கும் உப்பு இன்றியமையாதது. அந்நாளைய வழக்கப்படி உப்பை நினைத்த இடத்தில் விற்க முடியாது. நெரெத்வா ஆற்றின்மேல் த்ரியெவா, துப்ரோவ்னிக், கோத்தோர், போயானா ஆற்றங்கரையில் புனித செர்ஜியஸ் சந்தை ஆகிய நான்கு இடங்களில் மட்டுமே கரையிலிருந்து உள்நாட்டுக்கு உப்பு விற்கப்பட வேண்டும். மலைகளிலிருந்து பொதிக்குதிரைகள் தோலும் மெழுகும் ஈயமும் வெள்ளியும் சுமந்து இறங்கும். திரும்பும்போது உப்பைச் சுமந்து ஏறும். அதாவது உப்பு வெறும் உணவுப் பொருளாக இல்லாமல், பால்கன் சுரங்கங்களின் வெள்ளியைத் துறைமுகத்துக்கு இழுத்துவரும் கயிறாகவும் இருந்தது.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். உப்பு விளைவது கழுத்தின் தென்புறத்தில். நெரெத்வாவின் முகத்துவாரமும் த்ரியெவா சந்தையும் வடபுறத்தில். ஸ்தோனிலிருந்து கப்பல் ஏற்றினால் தீபகற்பத்தின் முனையைச் சுற்றி, கோர்ச்சுலா தீவை ஒட்டிய நீரிணையைக் கடந்து செல்ல வேண்டும். அது வெகுதூரம், அந்நீர் வெனிஸின் கண்காணிப்பில் இருந்த காலங்களும் உண்டு. அதற்குப் பதிலாக உப்பை மதிலின் காவலுக்குள்ளேயே சிறிது தூரம் தரைவழியாகச் சுமந்து, மாலி ஸ்தோனில் உள்ள கிடங்கில் சேர்த்து, அங்கிருந்து படகில் ஏற்றினால் நேராக நெரெத்வாவுக்குப் போய்விடலாம். தெற்கு முகமாகத் துப்ரோவ்னிக்கை நோக்கி ஒரு துறை, வடக்கு முகமாக ஆற்றை நோக்கி ஒரு துறை என்று இரண்டு துறைகள் அமைந்ததற்குக் காரணம் இதுவே. அறவாழி ஐயா மதிலை நிலத்தின் காவலாக விளக்கினார். நான் அதோடு ஒன்றைச் சேர்ப்பேன்: அது ஒரு தொழிற்சாலையையும் அதன் கிடங்கையும் அவற்றுக்கு இடையிலான பாதையையும் சுற்றிய வேலி. வெளியிலிருந்து வருபவர்களை மட்டும் அல்லாமல், உள்ளிருந்து கணக்கில் வராமல் வெளியேறும் உப்பையும் அது தடுத்தது. அரசு ஏகபோகமாக வைத்திருந்த ஒரு பொருளுக்குப் பிந்திய காவல் முந்தியதற்குக் குறைந்ததன்று.

உப்பு விளையும் முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் ஐரோப்பாவில் இன்றும் இயங்கும் மிகப் பழைய உப்பளங்களில் ஒன்றான இது, அடிப்படையில் அதே முறையைத்தான் பின்பற்றுகிறது. ஏட்ரியாட்டிக் நீரின் உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 38 பங்கு. அதைப் பெரிய பாத்திகளில் தேக்கி, வெயிலில் செறிவடையவிட்டு, அடுத்தடுத்த பாத்திகளுக்குப் பாய்ச்சிக்கொண்டே போவார்கள். முதலில் சுண்ணாம்பும், பிறகு ஜிப்சமும் படிந்துவிடும். நீரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஆவியான பின்னரே சோற்றுப்பு உறையத் தொடங்கும். அந்நிலையில் அதைக் கடைசிப் பாத்திகளுக்கு மாற்றுவார்கள். அங்கே உப்பு படிந்தவுடன் வாரிவிட வேண்டும்; தாமதித்தால் மிச்ச நீரில் உள்ள மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கைப்பேறிவிடும். ஸ்தோனில் இந்தக் கடைசிப் பாத்திகள் ஒன்பது. அவற்றில் எட்டுக்குப் புனிதர்களின் பெயர்கள். ஒன்பதாவதற்கு மட்டும் முந்தோ என்று பெயர். அறுவடைக் காலம் கோடை. வாரிய உப்பைக் குவித்து, தண்டவாளத்தில் ஓடும் சிறு வண்டிகளில் தள்ளிக்கொண்டு போவார்கள். நடுவில் ஒரு பெருமழை பெய்தால் பல வார உழைப்பு கரைந்துபோகும். ஆகவே இந்தத் தொழிலில் ஆண்டுக்கு ஆண்டு விளைச்சல் மாறிக்கொண்டே இருப்பதில் வியப்பில்லை.


இளவேனில் எழுதியது:

பொஸ்னியக் கடற்கரை பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் விடை எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் உதுமானியர்களுக்கும் வெனிஸ் உள்ளிட்ட ஐரோப்பியக் கூட்டணிக்கும் நடந்த நீண்ட போர் 1699இல் கார்லோவிட்ஸ் உடன்படிக்கையோடு முடிந்தது. போரின்போது வெனிஸ் டால்மேஷியாவில் வேகமாக முன்னேறியிருந்தது. அதன் எல்லை தங்கள் எல்லையைத் தொட்டுவிடக் கூடாது என்பதே துப்ரோவ்னிக் அரசின் பெரிய கவலை. திறை வாங்கிக்கொண்டு ஒதுங்கியிருக்கும் சுல்தானைவிட, வணிகப் போட்டியாளரான வெனிஸையே அவர்கள் அஞ்சினார்கள். ஆகவே வடக்கே நெயும், க்ளெக் பகுதியும், தெற்கே சுதோரினாப் பகுதியும் உதுமானியர் வசம் போகும்படி ஏற்பாடு செய்துகொண்டார்கள். இரு முனைகளிலும் உதுமானிய நிலம் வெனிஸைத் தடுக்கும் இடைவெளியாக அமைந்தது.

அதன்பின் ஆட்சிகள் எத்தனையோ மாறின. 1806இல் பிரெஞ்சுப் படை துப்ரோவ்னிக்குள் நுழைந்தது. 1808இல் குடியரசு கலைக்கப்பட்டது. 1815இல் வியன்னா மாநாட்டின்படி அப்பகுதி ஆஸ்திரியாவுக்குப் போனது. 1918க்குப் பின் யூகோஸ்லாவியா. ஆனால் 1699இல் வகுத்த அந்தக் கோடு மட்டும் நிர்வாக எல்லையாக உயிர்பிழைத்து, 1990களில் இரு நாடுகளின் எல்லையாகிவிட்டது. நெயும் இன்று பொஸ்னியா ஹெர்ஸெகோவினாவின் ஒரே கடற்கரை ஊர். சுதோரினா மொண்டெனேக்ரோவில் உள்ளது.

இதன் விளைவை அதிகம் அனுபவித்தவர்கள் ஸ்தோன் பகுதி மக்களும் துப்ரோவ்னிக் மக்களும்தான். சொந்த நாட்டின் மற்றப் பகுதிக்குத் தரைவழியாகச் செல்ல, சுமார் பத்துக் கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு முறை எல்லைச் சாவடியில் நிற்க வேண்டியிருந்தது. அதைத் தவிர்க்க 2007இல் தொடங்கிய பாலத் திட்டம் பணப் பற்றாக்குறையால் 2012இல் கைவிடப்பட்டது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் 35 கோடியே 70 இலட்சம் யூரோ நிதியுதவி ஒதுக்கியது. ஒரு சீன நிறுவனம் கட்டுமானத்தை எடுத்துச் செய்தது. பெருநிலத்தில் உள்ள கொமார்னாவையும் தீபகற்பத்தில் உள்ள பிரியெஸ்தாவையும் இணைக்கும் 2,404 மீட்டர் நீளமான பெல்யெஷாட்ஸ் பாலம் 2022 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. நெயும் துறைக்குப் பெருங்கப்பல்கள் செல்லும் உரிமை தடைபடக் கூடாது என்று பொஸ்னியா வலியுறுத்தியதால், பாலத்தின் கீழ் 55 மீட்டர் உயரம் விடப்பட்டுள்ளது.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்றுண்டு. பாலம் வரும்வரை தீபகற்பத்துக்குத் தரைவழியாகச் செல்ல ஸ்தோன் கழுத்து ஒன்றே வழி. வேறு வழி கடல்தான். இப்போது வடக்கிலிருந்து துப்ரோவ்னிக் செல்பவர்கள் பாலத்தில் ஏறித் தீபகற்பத்துக்குள் வந்து, பின் ஸ்தோன் பக்கமாகப் பெருநிலத்துக்குத் திரும்புகிறார்கள். அப்போக்குவரத்து முழுவதும் குறுகிய பழைய ஊருக்குள் புகுந்துவிடக் கூடாது என்பதற்காகச் சுரங்கங்களோடும் இன்னொரு சிறு பாலத்தோடும் கூடிய புறவழிச் சாலை 2023இல் திறக்கப்பட்டது. வாசலாக இருந்த ஊர் இப்போது வழியிலுள்ள ஊராகியிருக்கிறது. இது அவ்வூருக்கு நன்மையா தீமையா என்று இப்போதே தீர்ப்புச் சொல்ல இயலாது. சிப்பி வளர்ப்போர் விரிகுடாவின் நீர் கெடாமல் இருக்க வேண்டும் என்பதில் அக்கறை காட்டுவது முற்றிலும் நியாயம். 1983 முதல் அந்த விரிகுடா பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக இருந்து வருகிறது. தட்டைச் சிப்பி எனப்படும் ஐரோப்பாவின் சொந்த இனம் அங்கே இன்றும் கயிறுகளில் வளர்க்கப்படுகிறது. ஒரு சிப்பி விற்பனைக்குரிய அளவை எட்ட இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அந்தக் காலம் முழுவதும் நீர் தூய்மையாக இருந்தே ஆக வேண்டும்.


வரைபடப் பிரியன் எழுதியது:

எல்லைக் கோட்டின் கதை நான் எதிர்பார்த்ததைவிடப் பெரியதாக இருக்கிறது. மிக்க நன்றி, இளவேனில் அவர்களே. கடைசியாக ஒன்று கேட்கிறேன். ஏழு கிலோமீட்டர் மதில் ஐந்தரையாகக் குறைந்தது போரினாலா?


அறவாழி எழுதியது:

பெரும்பாலும் போரினால் அன்று. குடியரசு மறைந்தபின் மதிலுக்குக் காவல் காக்க எதுவும் இல்லாமல் போனது. ஆஸ்திரிய ஆட்சிக் காலத்தில் அதன் கற்களைப் பெயர்த்துக் கட்டடங்கள் கட்டினார்கள். செதுக்கி அடுக்கிய கல் கண்முன் கிடக்கும்போது புதிய கல் உடைக்க யாரும் மலைக்குப் போகமாட்டார்கள். ஊரைச் சுற்றியிருந்த சுவரின் பகுதிகளே அதிகம் அழிந்தன. குன்றின்மேல் ஏறும் பெருமதில், எடுத்து இறக்குவது கடினம் என்பதாலோ என்னவோ, பெரும்பாலும் தப்பித்தது.

1991இல் யூகோஸ்லாவிய இராணுவம் துப்ரோவ்னிக்கைத் தாக்கியபோது, அந்நகருக்கும் ஸ்தோனுக்கும் இடையே உள்ள ஸ்லானோ ஊர் வீழ்ந்தது, ஸ்தோன் வீழவில்லை. தீபகற்பத்தின் கழுத்து இருபதாம் நூற்றாண்டிலும் போர்முனைக்கு அருகில் வந்து நின்றது என்பதை இதோடு சேர்த்து நினைத்துப் பார்க்கலாம்.

உண்மையான பேரழிவு அதன்பின் வந்தது. ஏட்ரியாட்டிக் நிலத்தட்டு டினாரிக் மலைகளை நோக்கி நெருக்கிக்கொண்டே இருப்பதால் அப்பகுதி நிலநடுக்கத்துக்குப் பேர்போனது. 1667இல் துப்ரோவ்னிக்கைத் தரைமட்டமாக்கியதும் அப்படியொரு நடுக்கமே. 1996 செப்டம்பர் 5 அன்று ஏறத்தாழ 6 அளவுள்ள நிலநடுக்கம் ஸ்லானோவையும் ஸ்தோனையும் உலுக்கியது. பதினான்காம் நூற்றாண்டுத் தெருக்களில் வீடுகள் பிளந்தன, கூரைகள் சரிந்தன, மதிலும் சேதமுற்றது. பலர் ஊரைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. வீடுகளைச் சீர்செய்யப் பல்லாண்டுகள் பிடித்தன. மதிலின் மறுசீரமைப்பை, துப்ரோவ்னிக்கின் மதில்களைப் பராமரித்துவரும் தொன்மை ஆர்வலர் சங்கம் மேற்கொண்டு, படிப்படியாக மேலே ஏறி நடக்கும்படி செய்தது. இன்று ஸ்தோனில் ஏறி மாலி ஸ்தோனில் இறங்கலாம்.

நேரில் செல்பவர்கள் மதிலோடு திரும்பிவிடாமல், உப்பளத்துக்கு மேற்கே உள்ள குன்றின்மேல் நிற்கும் புனித மிக்கேல் சிற்றாலயத்தையும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அது துப்ரோவ்னிக் இங்கு வருவதற்கு ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதன் சுவரோவியத்தில் முடிசூடிய அரசர் ஒருவர் ஆலயத்தின் சிறு வடிவத்தைக் கையில் ஏந்தி நிற்கிறார்; அவர் பதினோராம் நூற்றாண்டில் துக்லியா நாட்டை ஆண்ட மிஹைலோ என்பது பல அறிஞர்களின் கருத்து. ஸ்தோனின் கதை 1333இல் தொடங்கவில்லை என்பதற்கு அந்த ஓவியமே சான்று. அந்தப் பழைய ஸ்தோனில் ஓர் ஆயரின் இருக்கையும் இருந்தது. ஆயராட்சி 1828 வரை நீடித்துப் பின்னர் துப்ரோவ்னிக்கோடு இணைக்கப்பட்டது.